மிதக்குமா?

நாகர்கோவிலில் ஒரு கடை. வள்ளத்துக்குக் கையடக்க ஜிபிஎஸ் வாங்க வந்திருந்தார்கள் அப்பாவும் மகனும். மகனின் கண் தொடுதிரைக் கருவி மேல். அப்பா குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கி, விரலை நனைத்துத் திரையைத் தொட்டார். வரைபடம் எங்கெங்கோ ஓடியது.

“ஈரக் கைக்கு பட்டன்தான் சரி மக்கா.”

அடுத்து பேட்டரி. இரண்டு பென்சில் பேட்டரி போடும் கருவியையே எடுத்தார். தீர்ந்தால் நடுக்கடலிலும் மாற்றலாம். போன வருஷம் செல்போனை நம்பிப் போன மகன், அது அணைந்துபோக, மேகம் மூடிய இரவு முழுக்கத் திசை தெரியாமல் கிடந்தான். விடிந்து, மருந்துவாழ் மலை கண்ணில் பட்ட பிறகே கரை சேர்ந்தான். அதுவரை அப்பா கடற்கரையை விட்டு நகரவில்லை.

“ஐபிஎக்ஸ்7 தரம். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும்” என்றார் கடைக்காரர்.

“மிதக்குமா?”

“இது மிதக்காது.”

கயிறு போட்டு மிதவையோடு கட்டிக்கொள்ளலாம் என்று வாங்கிவிட்டார்கள்.

மறுநாள் கடலில், மலையையும் மாதா கோயில் கோபுரத்தையும் நேர்பார்த்து, மீன் அடையும் கடலடிப் பார்களை ஒவ்வொன்றாகக் காட்டினார் அப்பா. மகன் கருவியில் பதிந்துகொண்டான். கரைக்கு வந்ததும் ஒரு நோட்டை நீட்டினார்.

“எல்லாத்தையும் இதுலயும் எழுதி வை. மெஷின் போனா வாங்கிக்கலாம். பாரெல்லாம் போச்சுன்னா எந்தக் கடையில வாங்குவ?”