தூக்கிட்டா வேகமா ஓடுமா?

புது லேப்டாப் கைக்கு வந்ததும் நம்ம பசங்க முதல்ல பண்ற வேலை 'டீபிளோட்'. யூடியூப்ல ஒரு வீடியோ, அதுக்குக் கீழே ஒரு ஸ்க்ரிப்ட். பவர்ஷெல்லை அட்மினா திறந்து, பேஸ்ட் பண்ணி, என்டர். கேண்டி க்ரஷ் போச்சு, எக்ஸ்பாக்ஸ் போச்சு, ஒன்டிரைவ் போச்சு. கூடவே விண்டோஸ் அப்டேட்டும் டிஃபென்டரும் போச்சு.

ஆசை நியாயமானதுதான். 8 ஜிபி ரேம்ல மேட்லேபும் குரோமும் சேர்ந்து ஓடணும்னா ஏதாவது இறங்கித்தான் ஆகணும். லேப்டாப் ஆன் ஆனதுமே தானா எழுந்து ஓடுற புரோகிராம்களை நிறுத்தினா வித்தியாசம் தெரியும். ஆனா ஓடாம சும்மா கிடக்கிற ஒரு கேமை அழிச்சா டிஸ்க்ல இடம்தான் மிச்சம். வேகம் கூடாது.

என் கேள்வி வேற. எது தேவையில்லாததுன்னு நாம எப்படி முடிவு பண்றோம்? பெரும்பாலும் எது எரிச்சல் தருதோ அதைத்தான். ஆனா ஆபத்து எரிச்சல் தராத இடத்துல உட்கார்ந்திருக்கும்.

2017 மே 12-ம் தேதி பரவ ஆரம்பிச்ச வான்னாக்ரை இதுக்கு நல்ல உதாரணம். நம்ம ஒரகடத்தில் இருக்கும் ரெனோ-நிஸான் கார் தொழிற்சாலையையும் அது பாதித்தது. அது நுழைந்த வழி எஸ்எம்பி 1. நெட்வொர்க்கில் ஃபைல் பகிர்வதற்காக 1980-களில் உருவான பழைய முறை அது. 2014-லேயே மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிடப்போவதாக அறிவித்துவிட்டது. ஆனாலும் கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்களில் சத்தமில்லாமல் ஆன் ஆகியே இருந்தது. யாருக்கும் அது தொந்தரவா தெரியல, அதனால யாரும் தூக்கல.

அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14-ம் தேதியே வந்துவிட்டது. ஏறக்குறைய இரண்டு மாதம் அவகாசம் இருந்தது. "சும்மா ரீஸ்டார்ட் கேக்குது"ன்னு அப்டேட்டை நிறுத்தி வெச்சவங்களுக்கு அது போய்ச் சேரல. தூக்க வேண்டியது உள்ளே இருந்தது, வெச்சுக்க வேண்டியதைத் தூக்கியிருந்தாங்க.

அப்போ எஸ்எம்பி 1-ஐ எல்லா இடத்திலும் அழிச்சிட்டா பிரச்சினை தீர்ந்ததா? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு சின்ன யூனிட்டுக்கு இன்பிளான்ட் டிரெயினிங் போனப்பதான் இதோட மறுபக்கம் தெரிஞ்சது. அங்கே ஒரு பழைய சிஎன்சி மெஷின். புரோகிராம் ஃபைல்களை நெட்வொர்க் ஃபோல்டரில் இருந்து எடுக்கும், அதுக்குத் தெரிஞ்ச ஒரே பாஷை எஸ்எம்பி 1. ஆபீஸ் கம்ப்யூட்டரை மாத்தினதும் அந்த இணைப்பு அறுந்துபோச்சு. ஆபரேட்டர் அண்ணன் சொன்னார்: "செக்யூரிட்டிக்காக எடுத்துட்டோம்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க தம்பி. நாங்க இப்ப பென் டிரைவ்லதான் தூக்கிட்டுப் போறோம்."

அதே பென் டிரைவ்தான் வெளியே ஜெராக்ஸ் கடைக்கும் போய்ட்டு வருது. 2010-ல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் இணையமே இல்லாத தொழிற்சாலைக் கம்ப்யூட்டர்களுக்குப் போனது யூஎஸ்பி வழியாத்தான். ஒரு கதவை மூடினாங்க, வேலை நடக்கணுமேன்னு மத்தவங்க ஜன்னலைத் திறந்தாங்க. அந்த மெஷினையும் ஒரு கம்ப்யூட்டரையும் மட்டும் தனி நெட்வொர்க்கில் பிரிச்சு வெச்சிருந்தா, பழைய பாஷையும் ஓடியிருக்கும், மத்த கம்ப்யூட்டர்களுக்கும் ஆபத்து குறைஞ்சிருக்கும்.

பிரின்ட் ஸ்பூலரும் இப்படித்தான். 2021-ல் 'பிரின்ட்நைட்மேர்' ஓட்டை வெளியானப்போ, பிரின்ட் எடுக்காத சர்வர்ல அதை நிறுத்துறது சரியான முடிவு. அதையே டெஸ்பாட்ச் செக்‌ஷன்ல நிறுத்தினா டெலிவரி சலான் வராது, லோடு ஏத்தின லாரி கேட்லயே நிக்கும்.

இதுல மைக்ரோசாஃப்ட் பிறகு எடுத்த வழி எனக்குப் பிடிச்சது. 2017 இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பில் (1709) எஸ்எம்பி 1-இன் சர்வர் பகுதியை முதலிலேயே எடுத்துவிட்டார்கள். ஹோம், ப்ரோ பதிப்புகளில் கிளையன்ட் பகுதியை மட்டும் விட்டுவைத்து, கம்ப்யூட்டர் ஓடும் நேரத்தில் மொத்தம் 15 நாள் யாரும் பயன்படுத்தலைன்னா அது தானாகவே நீங்கிவிடும்படி செய்தார்கள். வேணும்னா திரும்ப நிறுவிக்கலாம். முதல்ல கவனி, அப்புறம் எடு, திரும்பி வர வழி வை.

நமக்கும் இதே போதும். அழிக்கிறதுக்கு முன்னாடி நிறுத்திப் பாருங்க. ரெண்டு வாரம் எதுவும் உடையலைன்னா எடுங்க. ரீஸ்டோர் பாயின்ட் வெச்சுக்கோங்க. ஸ்க்ரிப்ட்ல புரியாத வரி இருந்தா ஓட்டாதீங்க. அப்டேட்டையும் டிஃபென்டரையும் தொடாதீங்க.

அடுத்த வருஷம் நம்மள்ல சில பேர் இப்படி ஒரு யூனிட்ல ஐடி வேலைக்குப் போகப்போறோம். நம்ம லேப்டாப் போனா ஒரு ராத்திரி உட்கார்ந்து ஃபார்மேட் பண்ணிக்கலாம். அங்கே போனா ஒரு ஷிஃப்ட்டே நிக்கும். அதனால எதையும் எடுக்கிறதுக்கு முன்னாடி மெஷின் பக்கத்துல நிக்கிறவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்: "அண்ணா, இதை யாராவது யூஸ் பண்றாங்களா?"