மணிகளும் நிறங்களும்

பொன்னும் வெள்ளியும் தம் விலையால் மதிப்புப் பெறுவன. கண்ணாடி மணிக்கு அத்தகைய மதிப்பு இல்லை. திருவிழாக் கடையில் ஒரு கைப்பிடி மணியைச் சில்லறைக் காசுக்கு வாங்கிவிடலாம். ஒற்றை மணியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால், அதில் அழகென்று எடுத்துச் சொல்லத்தக்கது மிகவும் சிறிதே. எனினும், அத்தகைய மணிகள் நூறும் இருநூறும் ஒரு நூலில் வரிசை பெற்றபின், வழியில் செல்வோரையும் நின்று நோக்கச் செய்யும் மாலையாகிவிடுகின்றன. மணி அதே மணி; நூலும் சாதாரணப் பருத்தி நூலே. எந்த நிறத்துக்கு அருகில் எந்த நிறம் அமர வேண்டும் என்று ஒருவர் எண்ணிப் பார்த்துத் தேர்ந்த தேர்வு ஒன்றுதான் இடையில் புதிதாக வந்து சேர்ந்தது.

இத் தேர்வு எவ்வளவு நுட்பமானது என்பதை நான் ஏட்டில் படித்து அறிந்தவன் அல்லேன். என் பெரியம்மாவிடம் கண்டு அறிந்தேன். 1960-களில் கடலூருக்கு அருகில் ஒரு சிற்றூரில் அவர் வாழ்ந்து வந்தார். இருபத்திரண்டு வயதில் கணவரை இழந்தவர். அக்கால வழக்கப்படி, அன்று உடுத்த வெள்ளைப் புடவையை அவர் பின்னர் மாற்றவே இல்லை. கழுத்திலும் கையிலும் யாதோர் அணியும் கிடையாது. ஆனால் அவருடைய வாழ்க்கைக்கு ஊதியம் தந்தது மணி கோக்கும் தொழில். கடலூரிலும் புதுச்சேரியிலும் இருந்த கடைக்காரர்கள் மணிகளைக் கொத்துக் கொத்தாகக் கொடுத்தனுப்புவார்கள். அவற்றை மாலையாகவும், வளையாகவும், கைக்குழந்தைகளின் மணிக்கட்டுக்குக் கட்டும் கருமணிச் சரமாகவும் கோத்துக் கொடுத்து, சரத்துக்கு இவ்வளவு என்று கூலி பெறுவார். தமக்கு விலக்கப்பட்ட நிறங்களையெல்லாம் பிறருக்காக நாள் முழுவதும் கையாண்டவர் அவர். இதைப் பற்றி அவர் ஒரு நாளும் பேசியதில்லை. அக்காலத்தில் யாரும் கேட்டதும் இல்லை.

ஊசியில் நூல் கோத்துத் தருவதும், நூலைத் தேன்மெழுகில் இழுத்துத் தருவதும், உடைந்த மணிகளைப் பொறுக்கி நீக்குவதும் என் வேலைகள். முறத்தில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, அதன்மேல் நிறம் நிறமாக மணிகளைக் குவித்துக்கொண்டு அவர் திண்ணையில் அமர்வார். பொழுது சாய்ந்த பிறகு கோக்கவே மாட்டார். கடைக்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அதற்கு இணங்கியதில்லை. “விளக்கு வெளிச்சத்திலே நீலம் கறுப்பாகிவிடும், இளமஞ்சள் வெள்ளையாகிவிடும். காலையில் எழுந்து பார்த்தால் வேறு யாரோ கோத்த சரம் மாதிரி இருக்கும், தம்பி” என்பார். எண்ணெய் விளக்கின் ஒளியில் நீலக் கூறு மிகக் குறைவு என்பதும், ஆதலால் நீலப் பொருள் அவ்வொளியில் இருண்டு தோன்றும் என்பதும் நான் பிற்காலத்தில் அறிந்த அறிவியல். பெரியம்மாவுக்கு அது திண்ணை அனுபவம்.

நிறங்களைச் சேர்ப்பதில் அவர் சில முறைகளைக் கடைப்பிடித்தார். ஒரு சரத்தில் எல்லா நிறங்களும் சம அளவில் இருப்பதை அவர் விரும்புவதில்லை. அப்படிக் கோப்பதைச் ‘சந்தைக்கடை’ என்று ஏளனம் செய்வார். ஒரு நிறம் வீட்டுக்காரர் போல நிறைந்திருக்க வேண்டும். மற்றொன்று விருந்தினர் போல அளவோடு வர வேண்டும். மிகவும் பளிச்சென்ற நிறமோ எப்போதாவது ஒருமுறை தலைகாட்டினால் போதும் என்பது அவர் கருத்து. சிவப்பு மணியையும் பச்சை மணியையும் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோப்பதையும் அவர் தவிர்த்தார். கையில் வைத்துப் பார்க்கும்போது அச் சரம் துடிப்பாகவே இருக்கும். மணிகள் கடுகளவாக இருந்தால், பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நின்று பார்க்கும்போது இரண்டு நிறமும் கலந்து மங்கிய பழுப்பாகிவிடும். பச்சையில் ஏழெட்டும் சிவப்பில் ஏழெட்டுமாகக் கட்டுக் கட்டாகக் கோத்தால் இரண்டும் தம் நிறம் கெடாமல் நிற்கும். மாலை என்பது அணிபவர் பார்ப்பதற்கன்று, எதிரில் நிற்பவர் பார்ப்பதற்கு என்பதால், கோத்து முடித்த சரத்தை என்னிடம் கொடுத்துத் தெருவின் மறுபக்கம் போய் நின்று தூக்கிப் பிடிக்கச் சொல்வார்.

ஒளி ஊடுருவும் மணிகளில் வேறொரு சிக்கல் உண்டு. அவற்றின் உள்ளே ஓடும் நூலின் நிறமும் வெளியே தெரியும். வெள்ளை நூலில் கோத்த சிவப்புக் கண்ணாடி மணி, மாதுளை முத்துப் போல ஒளிரும். அதே மணி கறுப்பு நூலில் உறைந்த குருதி போல் இருண்டுவிடும். ஐரோப்பிய மணித் தொழிலாளர் இவ்வுண்மையை வேறு வழியில் பயன்படுத்தினர். வெள்ளைக் கண்ணாடியை உள்ளீடாக வைத்து, அதன்மேல் சிவப்புக் கண்ணாடியை மெல்லிய படலமாகப் போர்த்தினர். நூல் எதுவாயினும் அம் மணி சிவப்பாகவே ஒளிர்ந்தது. விலை மிகுந்த சிவப்புக் கண்ணாடியும் சிறிதளவே செலவாயிற்று.

“நீலத்தண்டை கறுப்பை வைத்தால் கறுப்பு நரைத்துவிடும்” என்று பெரியம்மா அடிக்கடி சொல்வார். கறுப்பு எங்ஙனம் நரைக்கும் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு, மிஷேல் யூஜேன் ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலறிஞரைப் பற்றிப் படித்தபோது இச்சொல் நினைவுக்கு வந்தது. அவர் 1824-ஆம் ஆண்டில் பாரிசு நகரத்துக் கோபலன் சித்திரக் கம்பள ஆலையில் சாயத் துறையின் தலைவராக அமர்ந்தார். ஆலையில் சாயமேற்றிய கறுப்புக் கம்பளி நூல் உரமின்றி வெளிறிக் காண்கிறது என்று நெசவு செய்வோர் குறை கூறினர். ஷெவ்ரல் அந்நூலைப் பிற ஊர்களின் கறுப்பு நூலோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். சாயத்தில் குறை ஏதும் இல்லை. அக் கறுப்பு நூலை நீல ஆடைகளின் மடிப்புகளிலும் ஊதா ஆடைகளின் மடிப்புகளிலும் நிழல் காட்டுவதற்காக நெய்திருந்தனர். அந்த அண்டை நிறங்களே கறுப்பின் வலிமையைக் கவர்ந்துகொண்டன! ஒரு நிறத்தைக் காணும் கண், அதன் அருகில் உள்ள பொருளின்மேல் அந்நிறத்தின் எதிர் நிறத்தைச் சிறிது ஏற்றிக் காண்கிறது. நீலத்தின் அண்டையில் உள்ள கறுப்பில் செம்மஞ்சள் சாயல் படிகிறது. ஆகவே அது பழையது போல் தோன்றுகிறது. இதனை விரிவாக ஆராய்ந்து ஷெவ்ரல் 1839-இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். பெரியம்மாவோ நீலத்துக்கும் கறுப்புக்கும் நடுவில் ஒரு வெள்ளை மணியைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

அவருடைய திறமை வெறும் அழகுக்கு அப்பாலும் சென்றதை ஒருமுறை கண்டேன். ஒரு தாயும் மகளும் வந்திருந்தனர். மகளுக்குத் திருமணம் உறுதியாகியிருந்தது. பெண் நல்ல கறுப்பு. மாப்பிள்ளை வீட்டார் அதைப் பற்றி ஏதோ சொல்லியிருந்தனர் என்பது தாயின் பேச்சிலிருந்தே தெரிந்தது. “பெண் நிறம் மட்டு, அக்கா. வெள்ளை மணியாகப் பார்த்துக் கோத்துக் கொடுங்கள். கழுத்துக் கொஞ்சம் வெளுத்துக் காட்ட வேண்டும்” என்றார் அந்த அம்மையார். பெண் தலையைக் குனிந்தபடி இருந்தாள்.

பெரியம்மா மறுமொழி கூறாமல், ஒரு வெள்ளைச் சரத்தை எடுத்து அப் பெண்ணின் கழுத்தில் வைத்துக் காட்டினார். வெண்மையின் அருகில் கழுத்து முன்னிலும் கறுத்துத் தோன்றியது. தாய்க்கு முகம் வாடிவிட்டது. பிறகு பெரியம்மா, செங்கல் நிற மணியில் ஐந்து, மஞ்சள் கிழங்கின் நிற மணியில் இரண்டு என்று விரைவாக ஒரு சாண் அளவுக்குக் கோத்து, அதே கழுத்தில் வைத்தார். மங்கலாக இருந்த மஞ்சள் மணி சுடர் போல் எழுந்து நின்றது. “இந்தக் கழுத்திலேதான் இந்த மஞ்சளுக்கு உயிர் வருகிறது. வெளுத்த கழுத்தில் போட்டால் சோடை போய்விடும். கழுத்தை மாற்றுகிற மணி என்னிடம் கிடையாது, தங்கச்சி, கழுத்துக்கு ஏற்ற மணிதான் இருக்கிறது” என்றார். பெண் அப்போதுதான் தலை நிமிர்ந்து, கண்ணாடி உண்டா என்று கேட்டாள்.

தாய் முழுவதும் நம்பியதாகத் தெரியவில்லை. வெள்ளையில் ஒன்றும் சிவப்பு மஞ்சளில் ஒன்றுமாக இரண்டு மாலைகளுக்குப் பணம் கொடுத்துச் சென்றார். அவ்விரண்டையும் பெரியம்மா இரண்டு பகலில் முடித்தார். எந்தச் சரத்தையும் முடிச்சிடுமுன் தம் மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி, வெயிலில் நீட்டிப் பார்த்துவிட்டு உடனே அவிழ்த்துவிடுவது அவர் வழக்கம். அவரும் கறுப்பு நிறத்தவரே. அன்று சிவப்பு மாலையைச் சற்று நேரம் கூடுதலாகப் பார்த்தார் என்று எனக்கு நினைவு.

மங்கல விழாவுக்குச் செல்லும் உரிமை அந்நாளில் அவரைப் போன்றோர்க்கு இல்லை. நான் சென்று திரும்பியதும் அவர் கேட்ட முதற் கேள்வி, பெண் எந்த மாலையை அணிந்திருந்தாள் என்பது. செம்மணி மாலையைத்தான் என்றேன். “முகப்பு மணி நடுவில் நின்றதா, ஒருபக்கமாய்ச் சாய்ந்ததா?” என்று அடுத்த கேள்வி கேட்டார்.

மணிகளின் நிறம் எங்கிருந்து வருகிறது என்ற ஆவல் எனக்கு இதனால் உண்டாயிற்று. உருகிய கண்ணாடியில் கோபால்ட் சேர்த்தால் ஆழ்ந்த நீலம் கிடைக்கும். மாங்கனீசு சேர்த்தால் ஊதா. ஈயமும் வெள்ளீயமும் கூடிய பொருள் மஞ்சள் தரும். இவற்றுள் மிகவும் வியப்பானது செம்பு. உலையில் காற்று நன்கு புகுமாயின், செம்பு கலந்த கண்ணாடி மயில் கழுத்தின் நீலப் பச்சையாகும். காற்றைக் குறைத்துப் புகையோடு எரித்தால், அதே செம்பு அதே கண்ணாடியைச் செங்கல் சிவப்பாக்கும். எதிரெதிர் நிறங்களென்று நாம் அருகருகே கோத்து மகிழும் சிவப்பும் நீலப்பச்சையும் ஓர் உலோகத்தின் இரு பிள்ளைகள்! உலைக்காரரின் கை தவறினால் இரண்டும் வாய்க்காது.

அச் சிவப்பு மணி தென்னாட்டுக்குப் புதியதன்று. புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டில், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அது செய்யப்பட்டது. 1945-இல் மார்ட்டிமர் வீலரும், பின்னர் 1947 முதல் 1950 வரை பிரெஞ்சு அறிஞர் கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினரும் அங்கே அகழ்ந்து ஆராய்ந்தனர். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், கறுப்பு என ஒரு நிறமே கொண்ட சிறு மணிகள் அங்கு ஏராளமாகக் கிடைத்தன. உருகிய கண்ணாடியை உள்ளே துளையுள்ள நீண்ட குழலாக இழுத்து, அதைத் துண்டு துண்டாக நறுக்கி, துளை அடைபடாதபடி சாம்பலோடு சேர்த்து மீண்டும் சூடேற்றி, கூர்முனைகளை மழுக்கி அவற்றைச் செய்தனர். ஆந்திரத்துப் பாப்பாநாயுடுபேட்டையில் 20-ஆம் நூற்றாண்டிலும் இம் முறையில் மணி செய்து வந்தார்கள். இத்தகைய மணிகள் இலங்கையின் மாந்தை, தாய்லாந்தின் குளோங் தோம், வியட்நாமின் ஓக் இயோ ஆகிய பழந்துறைகளிலும் கிடைத்திருக்கின்றன. தீமோர்த் தீவில் செம்மணியை ‘முத்திசலா’ என்று வழங்கி, குடும்பச் சொத்தாகப் பாதுகாத்து வந்தனர்.

புதுச்சேரி அருங்காட்சியகத்துக்கு நான் சென்றபோது, அரிக்கமேட்டு மணிகளை நெடுநேரம் நோக்கி நின்றேன். செங்கல் நிறமும் மஞ்சளும் என் கண்ணுக்கு மிகப் பழகியவை. ஆனால் அவற்றை அன்று அணிந்தவர் எப்படிச் சேர்த்துக் கோத்தார் என்று அங்கே காண முடியாது. கண்ணாடி மண்ணில் கெடுவதில்லை; நூலோ சில ஆண்டுகளில் மக்கிவிடும். நூல் மக்கியதும் வரிசை கலைந்துவிடும். கல்லறைகளில் மட்டும், எலும்பின்மேல் கிடந்தபடியே ஒவ்வொரு மணியாக இடம் குறித்து எடுத்தால், பழைய வரிசையைச் சில வேளைகளில் மீட்கலாம். மண்ணிலிருந்து உதிரியாகப் பொறுக்கிய மணிகளுக்கு அந்த வாய்ப்பில்லை. காட்சிக்கூடங்களில் நாம் காணும் பழைய மணிச் சரங்கள் பல, இக்காலத்தவர் தம் விருப்பப்படி கோத்து வைத்தவையே.

பெரியம்மா தம்மிடம் மாலை வாங்குவோரிடம், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கொண்டுவந்து நூல் மாற்றிக்கொள்ளுமாறு சொல்லி அனுப்புவார். அதற்குத் தனியாகக் கூலி வாங்கமாட்டார். நூல் மாற்ற வந்த மாலையை அறுக்குமுன், மணிகளின் வரிசையை வாய்விட்டு எண்ணி எனக்குச் சொல்வார். நான் அதைச் சிலேட்டில் எழுதி வைப்பேன். சிவப்பு ஐந்து, மஞ்சள் இரண்டு, சிவப்பு ஐந்து, வெள்ளை ஒன்று என்று அது நீண்டுகொண்டே போகும். புது நூலில் கோத்து முடித்து, சரிபார்த்த பிறகுதான் சிலேட்டை அழிக்கச் சொல்வார்.