கஷ்டமான கேள்வித்தாள்

போன மாதம் தம்பி மகன் ஊட்டி ஜிம்கானா கோல்ஃப் மைதானத்தைக் காட்டினான். மேடு, பள்ளம், முள்புதர். கிண்டியில் ரேஸ் கோர்ஸுக்குள் அவன் ஆடிப் பழகியது சமதரை. “அப்போ இதுதானே ஒசத்தி, பெரியப்பா?” என்றான்.

எனக்குச் சம்மதமில்லை. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானம் அகலமானது. புதியவனும் ஆடி முடிக்கலாம். 1873 முதல் அங்கே ஓப்பன் ஆட வந்த வீரர்களையும் அது திணறடித்திருக்கிறது. (கோல்ஃப் மட்டையை நான் தொட்டதில்லை, சிரிக்காதீர்கள்.)

ஒரு வருஷம் ஐந்தாம் வகுப்புக்கு நான் போட்ட கணக்குத் தாளில் மூன்று பேர்தான் தேறினார்கள். நல்ல தாள் என்று பெருமைப்பட்டேன். வெறும் தாளைக் கொடுத்துப்போன பையன் பிறகு பள்ளிக்கே வரவில்லை. இப்போது கொட்டாரம் ஜங்ஷனில் கடை வைத்திருக்கிறான். மீதிச் சில்லறையை என்னைவிட வேகமாகக் கணக்குப் பார்த்துத் தருகிறான்.