மணி அடிக்கும்வரை

காலை ஆறரை. நாமக்கல் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் தீயணைப்பு நிலையம். ரோல் கால் முடிகிறது. வெள்ளை பனியன், காக்கி அரைக்கால் சட்டை, கேன்வாஸ் ஷூ. ஒன்பது பேர் ஓடத் தொடங்குகிறார்கள்.

சுற்று சிறியது. வண்டிக் கொட்டகை, தண்ணீர்த் தொட்டி, வேப்பமரம், மறுபடி கொட்டகை. கடைசியில் வருபவருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். வலது முழங்காலில் உறை. ஓட்டம் நடையாகிறது. அவரை இரண்டாம் முறை தாண்டும் இளைஞன் வேகத்தைக் குறைக்கிறான். அரைச் சுற்று கூடவே நடக்கிறான். பேச்சில்லை.

ஜிம் என்று தனியாக ஒன்றும் இல்லை. பெயிண்ட் டப்பா இரண்டில் சிமென்ட் ஊற்றி, நடுவில் குழாய் செருகியிருக்கிறது. வேப்பங்கிளையில் கயிறு தொங்குகிறது. கைபட்டுக் கைபட்டு அதன் நடுப்பகுதி கறுத்திருக்கிறது.

“கெட் டு வொர்க்!”

நடுவில் மடித்துச் சுருட்டிய ஹோஸ் தரையில் விரிகிறது. பதினைந்து மீட்டர். ஒருவர் பம்பில் மாட்டுகிறார். மறுமுனையில் பிராஞ்ச் என்னும் பீச்சுகுழல் ஏறுகிறது. தண்ணீர் வருகிறது. ஹோஸ் விறைக்கிறது. பிடித்திருப்பவரின் தோள் பின்னால் போகிறது, கால் போகவில்லை. நிலைய அலுவலர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரு விரலைத் தூக்குகிறார். மறுபடி முதலிலிருந்து.

அடுத்து, ஆளைத் தோளில் தூக்கி ஓடும் பயிற்சி. முழங்கால் உறைக்காரர் இளைஞனின் தோளில் ஏறுகிறார். ஏறுமுன் அரைக்கால் சட்டைப் பையில் இருந்த மூக்குக் கண்ணாடியை எடுத்து மதில்மேல் வைக்கிறார்.

பதினோரு மணி. கேரம் பலகை. சுவரில் தீத்தொண்டு வாரச் சுவரொட்டி: ஏப்ரல் 14, 1944, பம்பாய்த் துறைமுக வெடிவிபத்து, உயிர்நீத்த தீயணைப்போர். வண்டியோரம் கம்பூட்ஸ் வரிசை, கால் நுழைக்கத் தோதாக.

மணி அடிக்கிறது. ஸ்ட்ரைக்கர் பாதியில் நிற்கிறது. நாற்காலியில் சாய்ந்திருந்த உடம்பு மறுநொடி வண்டியில் இருக்கிறது. இதயம் அந்தத் தாவலைத் தாங்க வேண்டும். அமெரிக்காவில் பணியின்போது இறந்த தீயணைப்போரை ஆராய்ந்து 2007-ல் ஓர் ஆய்வு வந்தது. ஏறத்தாழ 45 சதவீத மரணங்களுக்கு இதயநோய் காரணம். காலையின் அந்தச் சிறு சுற்று இதற்காகத்தான்.

வண்டி போய் நிற்பது ஒரு பம்புசெட் கிணற்றருகே. கைப்பிடிச் சுவர் இல்லை. உள்ளே ஜெர்சி மாடு, மூக்கு மட்டும் தண்ணீருக்கு மேலே. மேட்டில் ஒரு பெண் தலையில் கைவைத்து நிற்கிறாள்.

இளைஞனுக்குக் கயிற்றில் நாற்காலி முடிச்சு போடுகிறார் முழங்கால் உறைக்காரர். இழுத்துப் பார்க்கிறார். மறுபடி இழுக்கிறார். இளைஞன் இறங்குகிறான். பழைய ஹோஸை மாட்டின் வயிற்றுக்கடியில் கொடுத்து வாங்க மூன்று முறை மூழ்கவேண்டியிருக்கிறது.

மேலே கயிற்றில் வீரர்களும் ஊர்க்காரர்களும். எடை முந்நூறு கிலோவுக்குக் குறையாது. “இழு... நிறுத்து. இழு... நிறுத்து.” வரிசையின் கடைசியில் முழங்கால் உறைக்காரர், கயிற்றை இடுப்பில் சுற்றி, குதிகாலை மண்ணில் ஊன்றியபடி.

மாடு கரையேறுகிறது. நிற்கிறது. உதறுகிறது. அந்தப் பெண் அதன் நெற்றியைப் பிடித்துக்கொள்கிறாள்.

மேலே வந்த இளைஞனின் விரல்கள் நடுங்குகின்றன. பாட்டில் மூடி திறக்கவில்லை. அவர் வாங்கித் திறந்து கொடுக்கிறார். மீதியைத் தானும் குடிக்கிறார்.

நிலைய அலுவலரின் செல்பேசி ஒலிக்கிறது. பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் பாம்பு. பிடிகோல் வண்டியில் இருக்கிறதா என்று கேட்கிறார் ஓட்டுநர். இருக்கிறது.