காற்று வந்தது, ஆக்ஸிஜன் வரவில்லை

என் மனைவிக்கு சி.ஓ.பி.டி. நான்கு வருடமாக வீட்டில் ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் ஓடுகிறது. ஞாயிறுதோறும் ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் கழுவி நிழலில் உலர்த்துவேன். குப்பியில் டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்றுவேன். பென்ஷன்காரனுக்கு வேறென்ன வேலை!

போன ஆடியில், விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 91லிருந்து 84க்கு இறங்கியது. மெஷினில் பந்து என்னவோ வழக்கம்போல 2 லிட்டர் கோட்டில்தான் நின்றது. "நோய் முத்திடுச்சுங்க" என்று தானே முடிவு கட்டி, நகைகளை யார் யாருக்குக் கொடுப்பது என்று பேச ஆரம்பித்துவிட்டாள்.

டாக்டர்தான் முதலில் மெஷினைப் பார்க்கச் சொன்னார். ரிப்பேருக்கு வந்த பையன் குழாய் முனையில் ஒரு சின்னக் கருவியை வைத்தான். 90க்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் 71 சதவீதம்.

"காத்து வருது சார், ஆக்ஸிஜன் வரல."

நைட்ரஜனைப் பிடித்து வைக்கும் ஜியோலைட் மணிகள் ஈரம் ஏறிக் கெட்டுவிட்டனவாம். பந்து காட்டுவது காற்றின் அளவை மட்டும்தான், சுத்தத்தை அல்ல. அதற்குத் தனியாக ஒரு விளக்கு உண்டு. பச்சை விளக்கு இரவில் கண்ணைக் கூசுகிறது என்று ஸ்டிக்கர் ஒட்டி மறைத்தவன் நான். பையன் அதை உரித்தான். மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது.

வாடகை சிலிண்டரில் நாலு நாள் ஓட்டி, புது மெஷின் வாங்கினோம். இப்போது 92. நகைப் பேச்சு நின்றுவிட்டது. ஸ்டிக்கர் விஷயத்தை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.