புதுவையில் இரண்டு மார்கழி நாட்கள்

தொலைதூரப் பட்டணங்களைக் கண்டு திரும்பியவர்கள் எழுதும் கட்டுரைகளை நாம் ஆவலோடு படிக்கிறோம். உரோமை, பாரிசு, லிஸ்பன் என்று பெயர்கள் வரும். பனி பொழியும் வீதிகளில் கணவனும் மனைவியும் நடந்து சென்றதைப் படிக்கையில், இதெல்லாம் நமக்கு எங்கே வாய்க்கப் போகிறது என்று பெருமூச்சு விட்டு ஏட்டை மூடிவிடுகிறோம். ஆனால் ஐரோப்பியர் கோடு கிழித்துக் கட்டிய பழம்பெரும் பட்டணம் ஒன்று, விழுப்புரத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர் தொலைவுக்குள்ளேயே கடலோரத்தில் இருக்கிறது. அதைக் கண்டவர் நம்மில் எத்தனை பேர்?

காணைப் பக்கத்தில் ஒருவர், “புதுச்சேரிக்குப் போகிறேன்” என்று சொன்னால், “யாருக்கு உடம்பு சரியில்லை?” என்பதே மறுகேள்வியாக இருக்கும். ஏழை எளியவர்க்குப் புதுச்சேரி என்றால் ஜிப்மர் மருத்துவமனைதான். பிரெஞ்சு ஆட்சியில் 1823-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மருத்துவப் பள்ளியின் வழிவந்ததே அது. 1964-இல் இன்றைய பெயரைப் பெற்றது. நமக்கு நன்கு அறிமுகமான ஒரு தம்பதியர் அங்கே இரண்டு ஆண்டுகள் நடையாய் நடந்தனர். கணவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். மனைவிக்குப் புற்றுநோய். விடியுமுன் புறப்பட்டு, விழுப்புரத்தில் பேருந்து மாறி, வரிசையில் நின்று, இருட்டியபின் வீடு திரும்புவர். மஞ்சள் துணிப்பை ஒன்றில் மருத்துவச் சீட்டுகள் எல்லாம் இருக்கும். அப்பையை அந்த அம்மாள் மடியிலிருந்து இறக்கியதே இல்லை.

சென்ற ஆண்டு கார்த்திகை முடிவில், “இனி ஆறு மாதம் கழித்து வந்தால் போதும்” என்று மருத்துவர் கூறிவிட்டார். செய்தியைச் சொல்ல வந்த அம்மையார், சற்றுத் தயங்கி, “சாமி, அந்த ஊரில் கடல் இருக்கிறதாமே, அங்கே போய் நின்றால் எப்படி இருக்கும்?” என்று கேட்டார். ஆசிரியர் தலை குனிந்துகொண்டார். முப்பத்தெட்டு ஆண்டு இல்வாழ்க்கையில், மருத்துவமனைக்கும் உறவினர் வீட்டுச் சடங்குகளுக்கும் அன்றி, மனைவியை எங்குமே அழைத்துச் சென்றதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்ததாம். வழி காட்ட நம்மையும் உடன் வருமாறு வேண்டினார். கிறிஸ்துமஸ் கழிந்த மூன்றாம் நாள் மூவரும் புறப்பட்டோம்.

காணையில் அன்று நல்ல பனி. கரும்புத் தோட்டங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. வாசல்தோறும் கோலமும் அதன் நடுவே பூசணிப் பூவும் இருந்தன. விழுப்புரம் சந்திப்பில் புதுவை செல்லும் தொடர்வண்டியில் ஏறினோம். 1879-இல் போடப்பட்ட பாதை அது. ஆங்கிலேயர் நாட்டில் ஏறிப் பிரெஞ்சுக்காரர் நாட்டில் இறங்கிய காலம் ஒன்று இருந்தது. வளவனூர், சின்னபாபுசமுத்திரம் கடந்து வில்லியனூர் வந்தது. அங்கே திருக்காமீசுவரர் ஆலயமும் லூர்து அன்னையின் திருத்தலமும் உண்டு. அதே சுற்றுப்புறத்தில் கீழூர் என்ற சிற்றூர் இருக்கிறது. 1954 அக்டோபர் 18-ஆம் நாள் மக்களின் பிரதிநிதிகள் 178 பேர் அங்கே கூடினர். அவர்களில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். நவம்பர் முதல் நாளே ஆட்சி கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16-இல் நிறைவேறியது. ஆசிரியர் இதைப் பாடம் நடத்துவது போல விளக்கிக்கொண்டு வந்தார். அம்மையாரோ சன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “இந்தப் பக்கம் எத்தனை தடவை வந்திருக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டேதான் வந்தேன்” என்றார்.

புதுவை நிலையத்தில் இறங்கியதும் அருகிலேயே தெரிவது திரு இருதய ஆண்டவர் பசிலிக்கா. 1907-இல் அர்ச்சிக்கப்பெற்ற, கூர்வளைவுகள் கொண்ட கோவில். 2011-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பெற்றது. காலை வெயில் வண்ணக் கண்ணாடிகளின் வழியே தரையில் விழுந்திருந்தது. அதைத் தாண்டி நடக்க மனமின்றி அம்மையார் சற்று நேரம் நின்றார்.

இந்நகரின் வரலாறு பலமுறை அழிந்து எழுந்த வரலாறு. 1674-இல் பிரான்சுவா மர்த்தேன் இங்கே பிரெஞ்சுக் குடியிருப்புக்கு அடி கோலினார். 1693-இல் டச்சுக்காரர் இதைக் கைப்பற்றினர். கடலுக்கு இணையாகவும் குறுக்காகவும் நேர்நேராக ஓடும் வீதிகளுக்குத் திட்டம் வரைந்தவர்கள் அவர்களே. 1699-இல் நகரம் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பி வந்தது. அவர்கள் அந்தக் கோடுகளை மாற்றவில்லை. நடுவே ஓடும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் பகுதி, மேற்கே தமிழர் பகுதி. கிழக்கே உயர்ந்த மதில்களும் சாத்திய பெருங்கதவுகளும் உள்ளன. மேற்கே பழைய வீடுகளில் தெருவைப் பார்த்த திண்ணையும் மரத்தூண் தாங்கும் தாழ்வாரமும் உண்டு. கால் வலித்த அம்மையார், முன்பின் அறியாத ஒரு வீட்டின் திண்ணையில் உட்கார்ந்தார். உள்ளிருந்து வந்த மூதாட்டி ஒன்றும் கேளாமல் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

மேற்குப் பகுதியில்தான் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இருக்கிறது. ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷியாக இருந்த இவர், 1736 முதல் தம் இறுதிக் காலம்வரை, ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள், தமிழில் நாட்குறிப்பு எழுதி வைத்தார். கப்பல் வந்த நாள், சரக்கு விலை, பெரிய இடத்துப் பேச்சு, ஊர் வம்பு ஆகிய அனைத்தும் அதில் உண்டு. 1748-இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்டபோது, சம்பா கோவிலுக்கு அடுத்திருந்த வேதபுரீசுவரர் ஆலயம் இடிக்கப்பட்டதையும் அவர் மன வேதனையோடு குறித்திருக்கிறார். பின்னர் அவ்வாலயம் வேறிடத்தில் எழும்பியது.

சம்பா கோவில் என்று மக்கள் வழங்கும் அமலோற்பவ அன்னை பேராலயமும் தப்பவில்லை. 1760-இல் கூட் என்ற ஆங்கிலத் தளபதி நகரை வளைத்தார். உணவின்றி மக்கள் வாடினர். பிள்ளையவர்கள் 1761 சனவரியில் உயிர் நீத்தார். சில நாட்களிலேயே நகரம் பணிந்தது. வென்றவர்கள் கோட்டை, மாளிகை, கோவில் என்று எதையும் விடாது தரைமட்டமாக்கினர். 1765-இல் நகரைத் திரும்பப் பெற்ற பிரெஞ்சுக்காரர், வெறும் கற்குவியலிடையே பழைய வீதிகளின் கோட்டைத் தேடிக் கண்டு, அதன்மீதே மீண்டும் கட்டினர். பேராலயமும் எழத் தொடங்கி 1791-இல் நிறைவுற்றது. இன்று நாம் முழந்தாளிடும் கோவில் அதுவே. அம்மையார் குடிலின் முன் நெடுநேரம் இருந்தார். வெளியே வந்ததும், “இடித்துப் போட்ட பிறகும் இவ்வளவு அழகாகக் கட்டியிருக்கிறார்களே” என்றார். சிகிச்சையில் உதிர்ந்து அண்மையில் வளர்ந்திருந்த கூந்தலை முந்தானையால் மூடிக்கொண்டே அவர் அதைச் சொன்னார். ஆசிரியர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாலை கடற்கரைச் சாலைக்குச் சென்றோம். மாலை ஆறு மணிக்குமேல் அங்கே வண்டிகளை விடுவதில்லை. மக்கள் கால்நடையாக உலவுகின்றனர். 1836-இல் ஏற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கமும், காந்தியடிகள் சிலையும் அங்கே உண்டு. சிலையைச் சூழ்ந்து நிற்கும் உயரமான கற்றூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை என்பர். 1750-இல் பிரெஞ்சுக்காரர் செஞ்சிக் கோட்டையைப் பிடித்துப் பத்தாண்டுக்கு மேல் வைத்திருந்தனர் அல்லவா? ஆண்டுதோறும் மாணவர்களைச் செஞ்சிக்கு அழைத்துச் சென்ற ஆசிரியர், ஒரு தூணைத் தட்டிப் பார்த்து, “நம் ஊர்க் கல், நம்மைவிட முன்னால் வந்துவிட்டது” என்றார். அன்று அவர் முதன்முறையாகச் சிரித்ததைக் கண்டோம்.

கரைநெடுகக் கரும்பாறைகள் கிடக்கின்றன. மணல் பரந்த ஓரிடத்தில் இருவரும் இறங்கினர். நாம் மேலேயே நின்றுகொண்டோம். அலை வந்து காலை நனைத்ததும் அம்மையார் பின்வாங்கினார். ஆசிரியர் கையை நீட்டினார். ஊரில், நாலுபேர் பார்க்க, அவர் அப்படிச் செய்தவரல்லர். அவர்கள் என்ன பேசினர் என்று நமக்குத் தெரியாது. இருட்டும்வரை அங்கேயே நின்றனர்.

மறுநாள் காலை, 1855-இல் கட்டப்பெற்ற தூய தேவதூதர்களின் அன்னை ஆலயத்திற்குச் சென்றோம். ‘கப்ஸ் கோவில்’ என்பது வழக்குப் பெயர். கப்புச்சின் துறவியர் நினைவாக வந்த பெயர் அது. கடலைப் பார்த்த ஆலயம், எதிரே ஜான் ஆஃப் ஆர்க் புனிதையின் சிலை. பாரதியார் 1908 முதல் 1918 வரை அடைக்கலம் பெற்று வாழ்ந்த ஊர் இது. அவர் வசித்த வீட்டையும் பார்த்தோம். ஒரு ரொட்டிக் கடையில் முழ நீளப் பிரெஞ்சு ரொட்டி வாங்கினோம். “முருங்கைக்காய் மாதிரி இருக்கிறதே, பல் இருக்கும்போதே தின்றுவிட வேண்டும்” என்றார் அம்மையார்.

திரும்பும் வண்டியில் அந்த மஞ்சள் பை அவர் மடியில்தான் இருந்தது. வரும்போது அதில் புளிச்சோற்றுப் பொட்டலங்களைக் கொண்டுவந்திருந்தார். இப்போது பேரப்பிள்ளைகளுக்கான கிளிஞ்சல்களும், மீதி ரொட்டியும் இருந்தன. வில்லியனூர் தாண்டியதும், “வைகாசியில் மறுபடி சீட்டுக் காட்ட வரவேண்டும்” என்றார் ஆசிரியர். “வந்தால், முதலில் கடலுக்குப் போய்விட்டு அப்புறம் ஆசுபத்திரிக்குப் போகலாம்” என்றார் அம்மையார். வைகாசியில் மருத்துவர் என்ன சொல்வார் என்பதை நாங்கள் மூவருமே பேசவில்லை. பேச வேண்டியதாகவும் தோன்றவில்லை.

குடும்பத் தலைவர்களே, பிள்ளைகள் படிப்பு முடியட்டும், கடன் தீரட்டும், கரும்புப் பணம் வரட்டும் என்று நாம் தள்ளிப்போடும் பயணங்கள் பல. ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. தொடர்வண்டிச் சீட்டின் விலை சிறிது, வழியும் சிறிது. நோய் வந்து அழைத்துச் செல்வதற்கு முன்பே, ஒரு மார்கழி மாதத்தில் உங்கள் இல்லத்தரசியரை நீங்களே அழைத்துச் செல்லுங்கள்.