திரும்பி வந்த பீப்பாய்

மதெய்ரா ஒயினைப் பற்றி எழுதுவோர் பலரும் முதற்பத்தியிலேயே ஒரு பீப்பாயைத் திரும்பி வரச் செய்துவிடுகின்றனர். இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, விலைபோகாமல், போர்த்துகலுக்குரிய அந்த அட்லாண்டிக் தீவுக்கே மீண்ட பீப்பாயைத் திறந்தபோது, சரக்கறைச் சூட்டில் வெந்த ஒயின் கெடாமல் முன்னினும் சுவை கூடியிருந்ததாம். 1811இல் ஜான் பிளாண்டி என்ற ஆங்கிலேயர் ஃபுன்ஷால் நகரில் தொடங்கி, இன்றும் அவர் வழியினரே நடத்திவரும் நிறுவனத்தின் மூலத்தைத் தேடப் புகுவோருக்கும் முதலில் எதிர்ப்படுவது இக்கதையே.

வழக்கமாகச் சொல்லப்படும் வடிவத்தில் கப்பலுக்கும் பெயரில்லை, சுவைத்தவருக்கும் பெயரில்லை. ஆகவே அந்தப் பீப்பாயைத் தேடுவது முட்டுச்சந்தில்தான் முடியும். எனினும் கடல்வழியை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் ஐயம் வேறு திசையில் கிளைக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் மதெய்ராவில் நின்று ஒயின் ஏற்றிக்கொண்டு, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்னைக்கு வந்தன என்பதும், புனித ஜார்ஜ் கோட்டையின் விருந்து மேசைகளில் அந்த ஒயின் விரும்பி அருந்தப்பட்டது என்பதும் அறிந்தவையே. அவ்வழியில் வரும் சரக்கு, சென்னையை எட்டுமுன்பே நிலநடுக்கோட்டை இருமுறை கடந்துவிடுகிறது. அவ்வாறாயின் சூடேறிய ஒயினின் சுவையை அறியப் பீப்பாய் திரும்பியிருக்க வேண்டியதில்லை. குடித்தவர்களின் கடிதம் ஒன்று திரும்பியிருந்தாலே போதும். கடற்பயணத்தால் மெருகேறிய ஒயினுக்கு மதிப்புக் கூடிய பின்னர், சுற்றிவருவதற்கென்றே பீப்பாய்களைக் கப்பலேற்றும் வழக்கமும் தோன்றி, அவ்வகை 'வின்யு த ரோடா' எனப்பட்டது.

கடலுக்கு இதில் தனிப்பங்கு இல்லை என்பதை, 1790களில் பரவிய 'எஸ்டூஃபா' என்னும் சூடேற்றும் அறைகள் காட்டிவிட்டன. இன்று சாதாரண வகைகள் 45 முதல் 50 பாகை செல்சியஸ் சூட்டில் மூன்று மாதமாவது தொட்டியில் வைக்கப்படுகின்றன. உயர்ந்த வகைகளுக்கோ 'கன்டெய்ரு' முறை உரியது. இரண்டிலும் சூடேற்றுவதற்கு முன்பே, திராட்சைச் சாறு நொதிக்கும்போது 96 விழுக்காட்டுச் சாராயம் கலந்து நொதித்தல் நிறுத்தப்படுகிறது. முன்னதாக நிறுத்தினால் மால்வசியா வகையைப் போல இனிப்பும், தாமதித்தால் செர்சியால் வகையைப் போல இனிப்பின்மையும் அமைகின்றன. பழைய பிரான்சிஸ்கன் மடத்தை ஒட்டிய பிளாண்டி கிடங்கில், கன்டெய்ரு முறைப்படி இளம் ஒயின் கூரையை அடுத்த வெப்பமான மேல்தளத்தில் மர விட்டங்களின் மேல் கிடத்தப்பட்டு, ஆண்டுகள் செல்லச் செல்லக் குளிர்ந்த கீழ்த்தளங்களுக்கு இறக்கப்படுகிறது.

எஸ்டூஃபா பரவியபோது பிளாண்டி நிறுவனம் பிறக்கவேயில்லை என்பதால், சூட்டின் கண்டுபிடிப்பில் அக்குடும்பத்துக்கு உரிமை எதுவுமில்லை. அதன் உண்மையான பங்கு பிற்பட்டது, பீப்பாய்க் கதையைவிடச் சுவையானதும்கூட. 1850களில் சாம்பல் நோயும், 1872 முதல் வேரைத் தின்னும் ஃபிலாக்ஸெரா பூச்சியும் கொடிகளை அழித்து, வணிகர் பலர் தீவை விட்டு அகன்ற வேளையில், சார்லஸ் ரிட்பாத் பிளாண்டி பழைய ஒயின் இருப்புகளைப் பெருமளவில் வாங்கிச் சேர்த்தார். 1925இல் கூட்டு நிறுவனத்தில் இணைந்தது, 1989இல் சிமிங்டன் குடும்பத்துடன் பங்காளியானது, 2011இல் கட்டுப்பாட்டை மீட்டது ஆகியவை அக்கொள்முதலின் பின்விளைவுகளாகவே படிக்கத்தக்கவை. 'ஃப்ரஸ்கெய்ரா' எனும் தனியாண்டு வகை குறைந்தது 20 ஆண்டுகள் மரப்பீப்பாயில் இருந்தாக வேண்டும் என்ற விதியுள்ள தொழிலில், பழைய இருப்பே முதல். ஆதலின் இக்குடும்பத்தின் வரலாற்றை எழுதுவோர் பெயரற்ற கப்பலை விடுத்து, அந்தக் கொள்முதலிலிருந்து தொடங்குவதே முறை.